கத்தரி வைக்கும் முன்: காங்காவா, கிட்டெங்கேயா, கிக்கோயா?

டான்சானியாவின் தார் எஸ் சலாமுக்கு நாங்கள் வந்து 11 வருடம் ஆகிறது. எங்கள் கட்டடத்துக்கு யாராவது தமிழ்ப் பெண் புதிதாகக் குடிவந்தால், இரண்டு மாதத்துக்குள் துணியைப் பற்றிய கேள்வியோடு மாடிப்படி ஏறி வந்துவிடுவாள். போன மாதம் வந்தவள் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது.

"அக்கா, எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த ஊர்த் துணியிலயே தைச்சுப் போடலாம்னு இருக்கேன். காங்கா வாங்கவா, கிட்டெங்கே வாங்கவா? கடைக்காரர் கிக்கோய்னு ஒண்ணு எடுத்துப் போட்டாரு. எனக்கு எல்லாமே ஒண்ணாத்தான் தெரியுது."

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். எல்லாம் பருத்தி, எல்லாவற்றிலும் கண்ணைப் பறிக்கும் நிறம், எல்லாம் ஒரே தெருவில் ஒரே அலமாரியில் அடுக்கியிருக்கும். நான் நிறத்தை வைத்துப் பிரிப்பதில்லை, கத்தரியை வைத்துப் பிரிக்கிறேன். வெட்டுவதற்கென்றே அச்சடித்த துணி ஒன்று. வெட்டினால் பாதி போய்விடும் துணி ஒன்று. யோசித்து வெட்டினால் பல வருடம் உழைக்கும் துணி ஒன்று. தையல் கூலி கொடுத்து உடுப்பு தைக்கப் போகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இந்த வேறுபாடுதான்.

காங்காவில் தொடங்குகிறேன். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், தையலில் அதிகம் பாழாவதும் அதுதான்.

காங்கா என்பது கெஜக்கணக்கில் வெட்டி வாங்கும் துணி கிடையாது. சேலையைப் போல அதுவும் தனக்குள் முழுமையான ஒரு துணி. சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் அகலமான கரை, அதற்குப் பெயர் பிண்டோ. நடு உடலுக்குப் பெயர் ம்ஜி, அதாவது ஊர். கீழ்க்கரைக்குச் சற்று மேலே, நீளவாக்கில், ஒரு கட்டத்துக்குள் சுவாஹிலி மொழியில் ஒரு வாசகம் இருக்கும். அதற்கு ஜினா, அதாவது பெயர், என்பார்கள். இப்படி இரண்டு துணிகள் வெட்டாமல் ஒட்டியே விற்கும். அந்த ஜோடிக்கு டோட்டி என்று பெயர். நம் நாட்டு 'தோத்தி'யிலிருந்து போன சொல் என்று சொல்வார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவில் வெட்டி, ஓரம் அடித்து, ஒன்றை இடுப்பில் சுற்றி, மற்றொன்றைத் தோளிலோ தலையிலோ போட்டுக்கொள்வது இங்கே பெண்களின் வழக்கம். குழந்தையை முதுகில் கட்டுவதும் அதில்தான், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவதும் அதில்தான். பிரசவம் பார்க்கப் போகும்போதும் துக்க வீட்டுக்குப் போகும்போதும் பையில் ஒரு காங்கா இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை.

இது உருவான கதையிலேயே வெட்டுவதும் ஒட்டுவதும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தக் கடற்கரைப் பெண்கள், சுருளாக வந்த அச்சுக் கைக்குட்டைத் துணியை ஒவ்வொன்றாக வாங்காமல் ஆறு குட்டையாகச் சேர்த்து வெட்டி வாங்கி, மூன்றும் மூன்றுமாகத் தைத்து ஒரே துணியாக உடுத்தினார்கள் என்று சொல்வார்கள். கைக்குட்டைக்குப் போர்த்துகீசியர் வைத்திருந்த பெயரிலிருந்து வந்த 'லேசோ' என்ற சொல்லைத்தான் கென்யாவில் இன்றும் காங்காவுக்குச் சொல்கிறார்கள். வியாபாரிகள் பிறகு அந்த ஆறையும் ஒரே துணியாக அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆரம்ப கால டிசைன்களில் வெள்ளைப் புள்ளிகள் அதிகம். அதனால் கினிக்கோழியின் பெயரான காங்கா ஒட்டிக்கொண்டது. வாசகம் போடும் பழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. முதலில் அரபு எழுத்தில், பிறகு ரோமன் எழுத்தில். கென்யத் துறைமுகமான மொம்பாசாவின் பியஷாரா தெருவில் 1887-இல் தொடங்கிய காதர்தீனா ஹாஜி ஈசாக் கடைக்கு அந்தப் பெருமையைக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்கள் காங்காக்களில் 'மாலி யா அப்துல்லா', அப்துல்லாவின் சொத்து, என்ற அச்சு இருக்கும்.

தார் எஸ் சலாமின் பெரிய சந்தைப் பகுதியான கரியாக்கோவில் காங்கா வாங்கும் பெண்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும், இந்தத் துணி எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். கடைக்காரர் மடிப்பைப் பிரிக்காமல் வாசகம் இருக்கும் ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் தள்ளிக் காட்டுவார். வாங்குகிறவர் நிறத்தைப் பார்க்கும் முன் அதைப் படிப்பார். 'வேமா ஹவோஸி' (நன்மை கெட்டுப்போகாது) என்றால் அம்மாவுக்கு. 'நவோகோபா சிம்பா ந மேனோ யாகே, சியோகோபி ம்து க்வா மனேனோ யாகே' (சிங்கத்தின் பல்லுக்குத்தான் பயம், மனிதன் வாய்ச்சொல்லுக்குப் பயமில்லை) என்றால் யாரோ ஒருவர் காதில் விழ வேண்டிய பதில். வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் துணி சொல்கிறது. ஆகவே சுவாஹிலி தெரியாதவர்கள் காங்காவைப் பரிசாகக் கொடுக்கும் முன் கடைக்காரரிடமே பொருள் கேட்டுவிடுங்கள். நல்ல மனதோடு மாமியார் கையில் கொடுத்த டோட்டியில் அண்டை வீட்டுப் பொறாமையைப் பற்றிய வாசகம் இருந்தால் அந்தச் சங்கடம் லேசில் தீராது.

நான் கற்றுக்கொண்டது ஒரு உடுப்பைப் பறிகொடுத்துத்தான். வந்த புதிதில் ஒரு டோட்டி வாங்கினேன். மஞ்சளும் கறுப்பும், நடுவில் முந்திரிப் பழ உரு. வாசகம்: 'ஜாப்போ சிபாட்டி, தமா சிகாட்டி'. கிடைக்காவிட்டாலும் நம்பிக்கையை விடமாட்டேன் என்று பொருள். சுவாஹிலியில் நம்பிக்கை இழப்பதை 'நம்பிக்கையை வெட்டுவது' என்றுதான் சொல்வார்கள், அந்தச் சொல்லே இந்த வாசகத்தில் இருக்கிறது: நம்பிக்கையை வெட்டமாட்டேன். அதை ஒரு தையல்காரரிடம் கொடுத்து அளவுச் சட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சாதாரணத் துணியைப் போல இரண்டாக மடித்து, அளவை வைத்து, வெட்டிவிட்டார். நான்காம் நாள் வாங்கிப் போட்டுப் பார்க்கும்போது முதுகில் 'ஜாப்போ சிபாட்டி' மட்டும் இருந்தது. மீதி பக்கத் தையலுக்குள் போய்விட்டது. கிடைக்காவிட்டாலும், என்பதோடு நின்றுவிட்ட உடுப்பு.

மாடியில் துணி காயப்போட வந்த எதிர்வீட்டுப் பாட்டி அதை இரண்டு தடவை படித்தார். 'பீபி' என்றுதான் அவரை நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். உடுப்பின் ஓரத்தைத் தூக்கி, தையலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மகளே, இதைக் கழற்றிவிடு. பாதி வாசகத்தை உடம்பில் போடக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு நான் அதை உடுத்தவில்லை.

அப்படியென்றால் காங்காவில் உடுப்பே தைக்கக் கூடாதா? தைக்கலாம். துணியின் அளவை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வாசகம் நீளவாக்கில் ஓடுகிறது. அது நேராக, படிக்கும்படி இருக்க வேண்டுமென்றால் உடுப்பின் உயரத்துக்குக் கிடைப்பது 1.1 மீட்டர்தான். தோளிலிருந்து அளந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது முழங்காலுக்குக் கீழே முடியும். ஒரு துணி முன்பக்கம், ஒரு துணி பின்பக்கம் வைத்து, தோளையும் பக்கங்களையும் மட்டும் தைத்து, கழுத்தை மட்டும் வெட்டினால் ஒன்றரை மீட்டர் அகலம் தானாகவே தொளதொள கைகளாகிவிடும். கரை நான்கு பக்கமும் முழுசாக இருக்கும், வாசகம் கீழ்விளிம்பில் முன்னும் பின்னும் இருக்கும். இன்னொரு வழி பாவாடை: இரண்டு துணியையும் பக்கவாட்டில் இணைத்தால் சுற்றளவு மூன்று மீட்டர், இடுப்பில் சுருக்கம் வைத்தால் கணுக்கால்வரை வரும். கத்தரிக்கு வேலையே இல்லை. கணுக்கால் தொடும் நீள அங்கி வேண்டும் என்று துணியைக் குத்துவாக்கில் திருப்பினால் வாசகம் பக்கவாட்டில் ஏணிபோல் ஏறி நிற்கும். சிலர் அதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது மனசுக்கு ஒப்பாது.

காங்காவின் நல்ல குணம் அதன் மென்மை. புதிதில் கஞ்சி மொடமொடவென்று இருக்கும், நாலு தடவை துவைத்த பிறகு அது உடம்போடு பேசும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை இந்தக் கடற்கரையில் வேர்வை காயாத புழுக்கம். அந்த நாட்களில் வீட்டில் உடுத்த இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் மெல்லிசு. வெளிர் நிறமாக இருந்தால் வெளிச்சத்தில் உள்ளே தெரியும். இறுக்கமான ரவிக்கை, கால்சட்டை, அளவாகப் பிடிக்கும் கவுன் எதற்கும் அது தாங்காது. தையலின் ஓரத்திலேயே கிழியும்.

கிட்டெங்கே நேர் எதிர். கரை இல்லை, வாசகம் இல்லை, தொடக்கமும் முடிவும் இல்லை. சுமார் 115 முதல் 120 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே டிசைன் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு கெஜம் ஒரு முழுத் துண்டு. அளவுக்கு வெட்டியும் கொடுப்பார்கள். கத்தரியை எங்கே வைத்தாலும் துணிக்குக் குறை வராது. இங்கே கல்யாணம், பெண் அனுப்பும் விழா, தேவாலய விழா எல்லாவற்றுக்கும் ஒரே டிசைனில் குடும்பமே தைத்துப் போடும் வழக்கத்துக்கு 'சாரே' என்று பெயர். அது பெரும்பாலும் கிட்டெங்கேயில்தான். மாமாவுக்குச் சட்டை, அத்தைக்குப் பாவாடையும் மேல்சட்டையும், குழந்தைக்குக் கவுன், மிச்சத்தில் தலையில் கட்ட கிலெம்பா. ஒரே கட்டுத் துணியில் எல்லாம் ஆகிவிடும்.

இந்த அச்சின் பூர்வீகம் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் ஜாவாத் தீவின் பாத்திக். டச்சுக்காரர்கள் அதை இயந்திரத்தில் போலி செய்து ஜாவாவிலேயே விற்கப் பார்த்தார்கள். அந்தத் துணிக்கு ஆப்பிரிக்காவில்தான் பெரிய சந்தை கிடைத்தது. நெதர்லாந்தின் ஹெல்மொண்டில் 1846-இல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அதை அச்சடிக்கிறது. இப்போது கரியாக்கோக் கடைகளில் பார்ப்பதில் உள்ளூர் ஆலைத் துணியும் உண்டு, சீனாவிலிருந்து வந்ததும் உண்டு. வாங்கும்போது 'வாக்ஸ்', அதாவது மெழுகு அச்சு, என்று எல்லாரும் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகோ பிசினோ வைத்துச் சாயம் ஏற்றிய துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருக்கும். சாயம் கசிந்த நரம்பு போன்ற மெல்லிய கோடுகள் அங்கங்கே ஒழுங்கில்லாமல் ஓடும். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறி இருக்கும். அதுவும் மோசமான துணியில்லை. விலை குறைவு, மெல்லிசு, தினசரி உடுப்புக்கு அதுவே நல்லது. ஆனால் காலர், மடிப்பு, பின்னால் திருப்பித் தெரியும் கை இதெல்லாம் இருக்கும் உடுப்புக்கு இரு பக்கமும் நிறம் உள்ளதை எடுங்கள்.

கிட்டெங்கேயில் நான் பார்க்கும் ஒரே தவறு டிசைனின் அளவு. தட்டு அளவுக்கு வட்டம், முழு மயில், விசிறி மாதிரி பெரிய உருக்கள் கடையில் விரித்துப் போட்டால் அசத்தும். வெட்டித் தைத்த பிறகு வட்டம் ஒன்று வயிற்றில் நடுவிலும் பாதி வட்டம் அக்குளிலும் வந்து நிற்கும். பெரிய உரு வேண்டுமென்றால் ஒரு கெஜம் கூடுதலாக வாங்குங்கள். தையல்காரர் உருவை முன்பக்கம் நடுவில் நிறுத்த அந்தத் துணி வேண்டும். மயில், மீன், விளக்கு மாதிரி தலையும் காலும் உள்ள உரு என்றால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டச் சொல்லி வாயால் சொல்லிவிடுங்கள். எழுதியும் கொடுங்கள்.

அதன் குறை கனம். நல்ல வாக்ஸ் துணி முதல் பத்துத் துவைப்புவரை அட்டை மாதிரி நிற்கும். பிப்ரவரியில் லைனிங் போட்டுத் தைத்த கிட்டெங்கே கவுனில் மதியக் கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்தால் வேதனைதான். நைரோபியில் ஜூலை மாதம் குளிருக்கு அதே கவுன் இதமாக இருக்கும்.

கிக்கோயைப் பார்த்ததும் நம்மவர்கள் "இது கைலிதானே" என்பார்கள். ஏறக்குறைய அதேதான். அச்சில்லை, தறியில் சாய நூலை வைத்தே நெய்தது. நடுவில் ஒரே நிறம் அல்லது மெல்லிய கோடு, இரண்டு நீள ஓரத்திலும் பட்டை பட்டையாகக் கரை, முனைகளில் குஞ்சம். சான்சிபாரிலும் லாமுவிலும் மொம்பாசாவிலும் ஆண்கள் வீட்டில் இடுப்பில் கட்டுவது இது. வெளியே போகும்போது மேலே வெள்ளைக் கான்ஸு அங்கி. பிரிட்டனில் ஒரு நிறுவனம் இந்தப் பெயரையே தன் வணிகமுத்திரையாகப் பதிவு செய்யப் பார்த்தது. கென்யாவில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அந்த முயற்சி நின்றது. ஒரு கடற்கரையே கட்டும் துணிக்கு ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியுமா என்று அன்று இங்குள்ளவர்கள் கொதித்தது நியாயம்தான்.

தையலுக்கு இது எப்படி? நிறம் நூலிலேயே இருப்பதால் உள், வெளி என்ற பேச்சே இல்லை. காங்காவைவிடக் கெட்டி, வாக்ஸ் கிட்டெங்கேயைவிடக் காற்றோட்டம். ஆண்களின் அரைக்கைச் சட்டை, குழந்தைகளின் கால்சட்டை, இரவில் போடும் தொளதொள பைஜாமா மூன்றுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு கிக்கோய்தான் சொல்வேன். என் கணவரின் சட்டை ஒன்று ஆறு வருடமாகத் துவைத்துத் துவைத்து இன்னும் காலர் மடியாமல் நிற்கிறது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, துணி துண்டாக வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு சட்டை தைக்க ஒரு கிக்கோய் போதாது, ஒரே நிறத்தில் இரண்டு வேண்டும். வேறு வேறு நாள் வாங்கினால் நிறம் சேராது, ஒரே கட்டிலிருந்து எடுங்கள். இரண்டு, கரை. கரையை எங்கே வைப்பது என்று தீர்மானித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். சட்டையின் இரண்டு முன்பக்கத்திலும் பொத்தான் பட்டை ஓரமாகக் கரை வந்தால் அழகு. கையின் விளிம்பில் வந்தால் அதைவிட அழகு. பட்டை இடமும் வலமும் ஒரே உயரத்தில் சேராவிட்டால் எவ்வளவு நல்ல தையலும் அவசரத் தையலாகத் தெரியும்.

நான்காவதாக ஒரு துணியைச் சொல்லாமல் விட மனமில்லை, அது இந்த ஊர்த் துணி இல்லாவிட்டாலும். விமானத்தில் அடிஸ் அபாபா வழியாக ஊருக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு நாள் தங்க முடிந்தால் என்டோட்டோ மலையடிவாரத்தில் ஷிரோ மேடா சந்தைக்குப் போய் வாருங்கள். எத்தியோப்பியாவின் கைத்தறிப் பருத்தி அங்கே கிடைக்கும். காமோ மலையிலிருந்து வந்த டோர்ஸே நெசவாளர்கள் இதில் பேர்போனவர்கள். அங்கே நூற்பது பெண்கள், நெய்வது ஆண்கள். நெட்டெலா என்பது இரண்டு அடுக்கு மெல்லிய வெள்ளைத் துணி, நம் மல்லுத் துணியைவிட லேசு. நான்கு அடுக்காக இருந்தால் கபி, குளிருக்குப் போர்த்துவது. முனையில் திபெப் என்னும் வண்ணக் கரை. அந்தக் கரை தோளில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கே பொருள் உண்டு. துக்கத்தில் அதை முகத்தருகே உயர்த்திப் போட்டுக்கொள்வார்கள்.

இதை வாங்கிவந்து இங்குள்ள தையல்காரரிடம் வெட்டக் கொடுக்காதீர்கள். நெசவு தளர்வு. வெட்டிய ஓரம் மேசையிலேயே பிசிராகப் பிரியும், இறுக்கித் தைத்தால் தையலைவிட்டு நூல் நழுவும். உடுப்பாக வேண்டுமென்றால் அங்கேயே தைத்த ஹபேஷா கெமிஸ் என்னும் நீள அங்கி வாங்குங்கள். திபெப்பை நெஞ்சிலிருந்து கீழ்விளிம்புவரை இறக்கித் தைக்கும் கை அவர்களுக்குத்தான் வரும். நெட்டெலாவைத் தோளில் போடுங்கள், அதற்காகவே நெய்தது.

மாசாய் மக்களின் சிவப்புக் கட்டம் போட்ட ஷூகாவைக் காட்டி "இதுவும் பருத்திதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு பருத்தி. இன்று கடையில் தொங்குவது பெரும்பாலும் அக்ரிலிக். போர்வைக்கு நல்லது, உடம்போடு ஒட்டும் உடுப்புக்கு வேண்டாம்.

இதோடு வெள்ளையாக, அச்சில்லாமல், யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத ஒரு துணியும் கடையில் இருக்கும். மெரிகானி. பெயரே அமெரிக்காவிலிருந்து வந்தது. 1830-களில் மாசசூசெட்ஸின் சேலம் துறைமுக வியாபாரிகள் வெளுக்காத பருத்தித் துணியைச் சான்சிபாரில் இறக்கினார்கள். 1837-இல் அங்கே அமெரிக்கத் துணைத் தூதரகமே வந்துவிட்டது. உள்நாட்டுக்குப் போன வணிகக் கூட்டங்கள் காசுக்குப் பதில் இந்தத் துணியைத்தான் சுமந்து போயின. நான்கு கெஜம் ஒரு டோட்டி, இரண்டு கெஜம் ஒரு ஷூகா என்று துணியே நாணயம். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும் வரத்து அறுந்தது, அந்த இடத்தைப் பின்னால் பம்பாய் ஆலைத் துணி பிடித்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இன்று எனக்கு அதில் ஒரே உபயோகம்: ஒத்திகை. விலையுயர்ந்த வாக்ஸில் அளவான கவுன் தைக்கப் போகிறீர்களென்றால், முதலில் மெரிகானியில் பெரிய தையலாக அடித்துப் போட்டுப் பாருங்கள். அக்குளில் பிடிக்கிறதா, இடுப்பு ஏறி நிற்கிறதா எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். காங்காவில் கழுத்து எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று பார்க்கவும் அதுதான் வழி. அந்தச் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம், கத்தரி பட்ட நல்ல துணியைத் திரும்ப வாங்கும் செலவு அதைவிடப் பெரிது.

எந்தத் துணியானாலும் வாங்கும் முன் ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்கு வெளியே வந்து தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். இப்போது காங்காவிலும் கிட்டெங்கேயிலும் கலப்பு அதிகமாகிவிட்டது. பளபளப்பும் சுருங்காமையும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இந்த வெயிலுக்குக் கலப்புத் துணி உடம்பில் ஒட்டிக்கொண்டு எரிச்சல் கொடுக்கும்.

வெட்டும் முன் துவைத்தே ஆக வேண்டும். எல்லாமே சுருங்கும், கிக்கோய் கொஞ்சம் அதிகமாகவே. இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் தனியாக ஊறவைத்து, கஞ்சி போகும்வரை அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுத் தையல்காரரிடம் கொடுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று இங்கேயும் சொல்வார்கள், நம் ஊரிலும் சொல்வார்கள். நான் உப்பை நம்புவதில்லை. அலசும் நீர் தெளியும்வரை தனியாகத் துவைப்பதைத்தான் நம்புகிறேன். சிவப்புக்கும் கருநீலத்துக்கும் ஐந்தாறு தடவை பிடிக்கும்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். கல்யாணத்துக்கு ஆறு கெஜம் கிட்டெங்கே. அவளுக்கு நீளப் பாவாடையும் மேல்சட்டையும், கணவருக்கு அதே துணியில் சட்டை, இருவருக்கும் போதும். சின்ன உரு, இரு பக்கமும் நிறமுள்ளது. ஒன்றரை வயது மகனுக்குக் கிக்கோயில் கால்சட்டை, இந்தப் புழுக்கத்தில் அவன் ஓடி விளையாட அதுதான் லாயக்கு. பரிசாக மணப்பெண்ணின் அம்மாவுக்கு ஒரு டோட்டி காங்கா, வெட்டாமல், மடிப்புக் கலையாமல். சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றும் கலந்த கிசுட்டு என்றால் கல்யாணத்துக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை.

"அப்ப எனக்குக் காங்கா கிடையாதாக்கா?" என்றாள். முகம் வாடிவிட்டது. கடையில் முதலில் அவள் மனதைப் பிடித்ததே காங்காதான் போலிருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை இருவருமாக கரியாக்கோ போனோம். கிட்டெங்கே எடுக்க அரைமணி ஆனது. காங்கா எடுக்க இரண்டு மணி நேரம். ஒவ்வொரு டோட்டியிலும் வாசகத்துக்குப் பொருள் கேட்டாள், கடைக்காரர் சலிக்காமல் சொன்னார். கடைசியில் நீலமும் வெள்ளையுமாக ஒன்றை எடுத்தாள். 'ம்சுமியா ஜுவானி ஹுலியா கிவுலினி', வெயிலில் சம்பாதித்தவர் நிழலில் சாப்பிடுவார். படித்ததும் அவள் அப்பா நினைவு வந்தது என்றாள்.

துவைத்து உலர்த்தி, புதன்கிழமை இப்போது நான் போகும் தையல்காரரிடம் கொண்டுபோனோம். அவர் துணியை மேசையில் முழுதாக விரித்தார். இஞ்சு டேப்பையோ சாக்கட்டியையோ தொடவில்லை. வாசகத்தைப் படித்துவிட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, அவளைப் பார்த்துக் கேட்டார்:

"டாடா (சகோதரி), இது எங்கே இருக்க வேண்டும்?"

"கீழே, ஓரத்துல," என்று தமிழிலேயே சொன்னவள், பிறகு குனிந்து தன் காலருகே கையை வைத்துக் காட்டினாள்.